501-ஐக் கழித்து முடிப்பது எப்படி? டார்ட்ஸ் பழக வருபவர்களுக்கு

லீட்ஸில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு குளிர்கால இரவில், தெருமுனை பப்பில் முதன்முதலாக மூன்று டார்ட்டை, வட்டப் பலகையில் எறிகிற சின்ன அம்புகளை, கையில் வாங்கினேன். மூன்றையும் உச்சியில் இருந்த 20-ஐப் பார்த்தே எறிந்தேன். ஒன்று 20-இல் குத்தியது. அடுத்தது இடப்பக்கம் நழுவி 5-இல். மூன்றாவது வலப்பக்கம் போய் 1-இல். கரும்பலகையை ஒட்டிச் சாக்பீஸோடு நின்ற பெரியவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் "பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்" என்று சொல்லிவிட்டு 26 என்று எழுதினார். ராத்தங்கலும் காலைப் பலகாரமும். அந்தக் காலத்து விடுதிகளில் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் வாங்குவார்களாம். இரண்டு, ஆறு, இருபத்தாறு. புதிதாக எறிபவர்கள் இந்த 26-ஐத்தான் திரும்பத் திரும்ப எடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று அவர் எனக்குச் செய்த பெரிய உதவி, டார்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு சாக்பீஸைக் கொடுத்ததுதான். அங்கே பல பப்களில் பழைய வழக்கம் அது: ஆட வேண்டுமா, முதலில் மற்றவர்கள் ஆட்டத்துக்குக் கணக்கு எழுது. இரண்டு வாரம் எழுதினேன். கை பலத்தை நம்பி ஆடுகிற ஆட்டம் என்று நினைத்திருந்தேன். எழுதி எழுதித்தான் இது பாதிக்கு மேல் கழித்தல் கணக்கு என்று புரிந்தது. அதனால் இங்கேயும் அதே வரிசையில் சொல்கிறேன். முதலில் பலகை, பிறகு கணக்கு, கடைசியில்தான் கை.

பலகையைப் படிப்பது

பலகையில் 20 கட்டங்கள், பீட்சாத் துண்டு போல நடுவிலிருந்து விரிந்திருக்கும். உச்சியிலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் வரிசை இது: 20, 1, 18, 4, 13, 6, 10, 15, 2, 17, 3, 19, 7, 16, 8, 11, 14, 9, 12, 5. முதல் பார்வைக்குத் தாறுமாறாகத் தெரியும். ஆனால் இதில் ஒரு குசும்பு ஒளிந்திருக்கிறது. பெரிய எண் எதுவோ அதன் இரண்டு பக்கமும் சின்ன எண்களைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். 20-க்கு இரு பக்கமும் 5-ம் 1-ம். 19-க்கு 7-ம் 3-ம். 17-க்கு 2-ம் 3-ம். பேராசைப்பட்டுக் குறி பிசகினால் அபராதம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு கட்டத்தின் குறுக்கேயும் இரண்டு மெல்லிய வளையங்கள் ஓடும். வெளிவிளிம்பில் இருப்பது டபுள்: அந்த எண்ணின் இரண்டு மடங்கு. பாதி தூரத்தில் இருப்பது டிரிபிள்: மூன்று மடங்கு. இரண்டுமே சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி இருக்கும். மற்ற கறுப்பு, வெள்ளைப் பகுதி எல்லாம் எண்ணின் நேர் மதிப்பு. நட்ட நடுவில் பச்சை வட்டம் 25. அதற்குள்ளே சிவப்புப் பொட்டு 50, அதுதான் புல். டபுள் வளையத்துக்கு வெளியே, எண்கள் எழுதியிருக்கும் கறுப்பு ஓரத்தில் குத்தினால் ஒன்றுமில்லை.

சினிமாவில் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் நடுப்பொட்டுக்குத்தான் அதிக மதிப்பு என்று நினைக்கிறார்கள். இல்லை. புல் 50, டிரிபிள் 20 என்றால் 60. டிரிபிள் 17 கூட 51. ஆகவே ஒரு முறைக்கு மூன்று டார்ட் எறிந்து எடுக்கக்கூடிய உச்சம், மூன்று டிரிபிள் 20: 180. டி.வி.யில் அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்துவது இதற்குத்தான்.

அளவு தெரிந்தால்தான் மரியாதை வரும். பலகையின் முழு விட்டம் 451 மி.மீ. டபுள், டிரிபிள் வளையங்களின் உள் அகலம் வெறும் 8 மி.மீ., அதாவது ஒரு பென்சிலின் தடிமன். சிவப்புப் பொட்டின் விட்டம் 12.7 மி.மீ., அரை அங்குலம். இந்தப் பென்சில் தடிமனைத்தான் இரண்டேகால் மீட்டருக்கும் அப்பால் நின்று குத்த வேண்டும்.

மாட்டுவது

தரையிலிருந்து சிவப்புப் பொட்டின் மையம் வரை 173 செ.மீ. பலகையின் முகத்திலிருந்து நீங்கள் நிற்கும் கோடு வரை 237 செ.மீ. இதில் எல்லோரும் செய்கிற தப்பு, சுவரிலிருந்து அளப்பது. பலகைக்கே நாலு செ.மீ. போலத் தடிமன் உண்டு; அதன் முகத்திலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது தொடும் இடத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். அளந்து முடித்ததும் பொட்டின் மையத்திலிருந்து கோட்டுக்குச் சாய்வாக டேப்பைப் பிடித்துப் பாருங்கள். 293 செ.மீ. வந்தால் இரண்டு அளவும் சரி. அந்தக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு விசித்திரப் பெயர்: ஆக்கி. எழுத்தைப் பார்த்தால் 'ஓச்' என்று படிக்கத் தோன்றும். ஹாக்கியில் 'ஹ'வை விட்டுவிட்டுச் சொல்லுங்கள், சரியாக இருக்கும்.

20-இன் கட்டம் நேர் உச்சியில் இருக்க வேண்டும். கறுப்புக் கட்டம், சிவப்பு டபுள், சிவப்பு டிரிபிள். நம் வீட்டுச் சிமெண்டுச் சுவரில் டிரில் போட்டு, பிளக் இறக்கி, ஸ்க்ரூ முடுக்கித்தான் மாட்ட வேண்டும்; ஆணியில் தொங்கவிட்டால் ஒவ்வொரு குத்துக்கும் ஆடும். கதவின் பின்பக்கம் மட்டும் வேண்டாம். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது காபி டம்ளரோடு கதவைத் திறப்பார்கள்.

இன்னொன்று, இங்கிலாந்துக்காரர்கள் எழுதும் கையேடுகளில் இருக்காது: செருப்புப் போடுங்கள். அவர்கள் ஷூவோடு ஆடுகிறார்கள். நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நிற்கிறோம். கம்பியில் பட்டுத் தெறிக்கிற டார்ட் கூரான முனை கீழாகத்தான் விழும். என் இடது கால் கட்டைவிரலில் ஒரு முறை குத்தி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் கான்வாஸ் ஷூ வாங்கினேன். பலகைக்குக் கீழே ஒரு தேங்காய்நார் மிதியடியோ ரப்பர் பாயோ விரியுங்கள். டைல்ஸும் பிழைக்கும், டார்ட்டின் முனையும் மழுங்காது.

எதை வாங்குவது

பொம்மைக் கடையில் காகிதச் சுருள் பலகையும் காந்தப் பலகையும் கிடைக்கும். குழந்தைகளுக்குக் காந்தம் நல்லது. பெரியவர்கள் பழகக் காகிதச் சுருள் வேண்டாம். ஒரே மாதத்தில் 20-ஐச் சுற்றிப் பொரிந்துபோய்விடும். வாங்க வேண்டியது 'பிரிசில்' பலகை. சிசால் என்ற கற்றாழை வகை நாரை இறுக்கி அடைத்துச் செய்வது. குத்தும்போது நார்கள் விலகி இடம் கொடுக்கும், பிடுங்கியதும் மூடிக்கொள்ளும். அதற்கு முன்பு எல்ம் மரப் பலகையில் ஆடினார்கள். அதை ராத்திரி தண்ணீரில் ஊறவைத்தால்தான் துளை மூடும். அந்தப் பழைய கதையைக் கேட்டுவிட்டு சிசால் பலகை மேல் தண்ணீர் தெளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெளிக்காதீர்கள், உப்பிப் பாழாகும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: எண் வளையத்தைக் கழற்றி, பலகையை அவ்வப்போது சுழற்றி வையுங்கள். இரண்டிரண்டு கட்டமாகச் சுழற்றினால் கறுப்பு மேல்தான் 20 இருக்கும். தேய்மானமும் பலகை முழுக்கப் பரவும்.

டார்ட்டில் நான்கு உறுப்பு: முனை, கையில் பிடிக்கும் பேரல், பின்னால் ஷாஃப்ட், அதன் வாலில் ஃப்ளைட் என்கிற இறகு. எஃகு முனை டார்ட் 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பெரும்பாலானவர்கள் 21 முதல் 24 கிராமுக்குள் எறிகிறார்கள். புதியவர்களுக்கு 22 அல்லது 23 சரி. பித்தளை பேரல் மலிவு, ஆனால் தடிமன். டங்ஸ்டன் அடர்த்தியான உலோகம், அதே எடை மெல்லிய பேரலுக்குள் அடங்கிவிடும், எட்டு மி.மீ. வளையத்துக்குள் மூன்று டார்ட்டைத் திணிக்க வேண்டும் என்றால் அந்த மெலிவு தேவை. உங்களுக்கும் எனக்கும் அந்தக் கவலை வர நாளாகும். முதல் ஆண்டுக்குப் பித்தளையே போதும்.

கணக்கு

இருவர் ஆடும் 501-தான் மூல ஆட்டம். இருவருக்கும் 501 எழுதிவைத்துவிட்டு, எடுப்பதைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். முதலில் பூஜ்ஜியத்தைத் தொட்டவருக்கு அந்த லெக், அதாவது அந்த ஒரு சுற்று ஆட்டம். யார் தொடங்குவது என்பதற்கு ஆளுக்கு ஒரு டார்ட் புல்லை நோக்கி எறியுங்கள்; கிட்டே குத்தியவர் தொடங்கலாம். ஒரு முறைக்கு மூன்று டார்ட். பிறகு அடுத்தவர்.

இங்கே ஒரே ஒரு சிக்கல், ஆட்டத்தின் உயிரும் அதுதான்: கடைசி டார்ட் டபுளில்தான் முடிய வேண்டும், கணக்கும் சரியாகப் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். 40 மிச்சம் என்றால் டபுள் 20. 32 என்றால் டபுள் 16. 2 என்றால் டபுள் 1. புல் 50 என்பதை 25-இன் டபுளாக வைத்துக்கொள்வார்கள், அதனால் 50 மிச்சமிருந்தால் புல்லிலும் முடிக்கலாம்.

அதைத் தாண்டிவிட்டால்? தாயம் ஆடியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காய் பழமாக ஒன்று வேண்டும் என்று உட்கார்ந்திருக்கும்போது ஐந்து விழுந்தால் என்ன ஆகும்? காய் அசையாது. இங்கேயும் அப்படித்தான். மிச்சத்தைவிட அதிகமாக எடுத்துவிட்டாலோ, மிச்சம் 1 என்று நின்றுவிட்டாலோ, டபுள் இல்லாமல் பூஜ்ஜியம் வந்துவிட்டாலோ அது 'பஸ்ட்'. அந்த முறையில் எறிந்த எதுவும் கணக்கில் சேராது. கையில் மீதி டார்ட் இருந்தாலும் அதோடு சரி. அந்த முறை தொடங்கும்போது இருந்த மிச்சத்துக்கே திரும்ப வேண்டும்.

என் அக்கா பையன் கதிர் போன விடுமுறையில் ஆடிய ஒரு லெக்கின் அட்டையை அப்படியே தருகிறேன். இடப்பக்கம் எடுத்தது, வலப்பக்கம் மிச்சம். அட்டையில் எப்போதும் இரண்டையும் எழுத வேண்டும். மிச்சத்தை மட்டும் எழுதினால் எங்கே தப்பு நடந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

தொடக்கம்: 501
26 – 475
60 – 415
81 – 334
67 – 267
45 – 222
100 – 122
45 – 77
37 – 40
பஸ்ட் – 40
40 – 0

முதல் வரி, நம் பழைய நண்பர் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட். மூன்றாவது வரியில் ஒரு டிரிபிள் 20, ஒரு 20, ஒரு 1. நூறு எடுத்தால் அதற்கு 'டன்' என்று பெயர். பையன் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறான். கவனிக்க வேண்டியது கடைசி மூன்று வரிகள். 77-இல் நின்றவன் டிரிபிள் 19 எடுத்து (57) டபுள் 10-இல் முடிக்கப் பார்த்தான். விழுந்தது வெறும் 19. மிச்சம் 58. நிதானமாக 18 எடுத்தான், 40. மூன்றாவது டார்ட் டபுள் 20-க்கு மேலே கறுப்பில் போனது. அடுத்த முறை 40-க்கு டபுள் 20 வைத்தான். உள்ளே சரிந்து ஒற்றை 20. மிச்சம் 20, இனி டபுள் 10. டபுள் 10-க்குக் கீழே என்ன இருக்கிறது? டபுள் 15. சரியாக அதில் போய்க் குத்தியது. 30! இருப்பதோ 20. பஸ்ட்.

"மாமா, அந்த 20 எடுத்தேனே, அதுவுமா போச்சு?"

"அதுவும்தான். 40-க்குத் திரும்பு."

அடுத்த முறை இரண்டாவது டார்ட்டில் டபுள் 20. முடிந்தது.

எழுதுபவர் தெரிந்துகொள்ள வேண்டிய சில்லறை விதிகள்: எண்ணி முடிக்கும் வரை டார்ட்டைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கிவிட்டுச் "60 இருந்துச்சு" என்றால் செல்லாது. தெறித்துக் கீழே விழுந்த டார்ட்டுக்கு மதிப்பில்லை, மறுபடி எறியவும் முடியாது. ஏற்கனவே குத்தியிருக்கும் டார்ட்டின் வாலில் போய்ச் செருகிக்கொண்டால், பார்க்க அழகுதான், ஆனால் பலகையைத் தொடாததால் பூஜ்ஜியம். கம்பியின் எந்தப் பக்கம் முனை இறங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. டார்ட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அல்ல. ஆடுபவர் கேட்டால் மிச்சம் எவ்வளவு என்று சொல்லலாம். எந்த டபுளுக்குப் போக வேண்டும் என்று சொல்லக் கூடாது. இதை மட்டும் நம் வீட்டில் யாராலும் காப்பாற்ற முடிவதில்லை.

முடிக்கிற கணக்கு

40-க்குள் இரட்டைப்படை எண் மிச்சம் என்றால் ஒரே டார்ட்டில் முடியும். ஒற்றைப்படை என்றால் முதலில் ஒரு ஒற்றைப்படை எண்ணை எடுத்து இரட்டையாக்க வேண்டும். எதை எடுப்பது? இங்கே எனக்குப் பிடித்த ஒரே விதி: 32-ஐ விட்டுவைக்கப் பார்.

ஏன் 32? டபுள் 16-ஐ வைக்கும்போது உள்ளே சரிந்து ஒற்றை 16 விழுந்தால் மிச்சம் 16, அதாவது டபுள் 8. அங்கேயும் சரிந்தால் 8, டபுள் 4. பிறகு டபுள் 2, டபுள் 1. நான்கு முறை சொதப்பினாலும் கையில் ஒரு டபுள் இருக்கும். 40-ஐ எடுத்துக்கொண்டால் டபுள் 20, டபுள் 10, டபுள் 5, அதற்குப் பிறகு 5 என்று ஒற்றைப்படையில் முட்டும். 16-க்கு இன்னொரு வசதி, பக்கத்து வீட்டுக்காரர் 8. பக்கவாட்டில் நழுவி அந்த ஒற்றை 8-இல் விழுந்தாலும் மிச்சம் 24, டபுள் 12 காத்திருக்கும்.

ஆகவே 33 முதல் 52 வரை எது மிச்சமிருந்தாலும் 32-ஐக் கழித்துப் பாருங்கள். 39 என்றால் 7. 41 என்றால் 9. 48 என்றால் 16. அந்த எண்ணை எடுத்துவிட்டு டபுள் 16-க்குப் போங்கள். 53 முதல் 60 வரை 40-ஐக் கழியுங்கள்: 56 என்றால் 16, 57 என்றால் 17, பிறகு டபுள் 20. இந்த இரண்டு கழித்தலை மனப்பாடம் செய்தால் முதல் ஆறு மாதத்துக்கு வேறு அட்டவணை வேண்டாம். 60-க்கு மேல் இருந்தால் டிரிபிளைத் துரத்தாமல் ஒற்றை 20-ஐ எடுங்கள். 72 என்றால் 20, பிறகு 52, இன்னொரு 20, மிச்சம் 32. மூன்றாவது டார்ட் டபுளுக்கு.

ஒரே முறையில் மூன்று டார்ட்டால் முடிக்கக்கூடிய அதிகபட்ச மிச்சம் 170: டிரிபிள் 20, டிரிபிள் 20, புல். அதற்குள்ளேயும் 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகிய ஏழு எண்களை மூன்று டார்ட்டில் முடிக்கவே முடியாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் தொலைவிலிருந்தே இவற்றை ஒதுக்கிக்கொண்டு வருவார்கள். நமக்கு இது வெறும் தகவல்தான்.

இந்தக் கணக்கின் உச்சத்தை ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் 2023 உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ். 501-ஐக் குறைந்தபட்சம் ஒன்பது டார்ட்டில் முடிக்கலாம்: ஆறு டிரிபிள் 20 எறிந்தால் 360, மிச்சம் 141, அதை மூன்றில். மைக்கேல் வான் கெர்வன் எட்டு டார்ட்டைப் பிசகாமல் எறிந்துவிட்டு, ஒன்பதாவதை டபுள் 12-இல் தவறவிட்டார். கூட்டம் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் எதிராளி மைக்கேல் ஸ்மித் கோட்டுக்கு வந்தார். அவருக்கும் அதே 141. டிரிபிள் 20, டிரிபிள் 19, டபுள் 12. ஒரே லெக்கில் இருவரும் அந்த வாசல் வரை வந்து, ஒருவர் மட்டும் உள்ளே போனார். உலகச் சாம்பியன்ஷிப்பில் இப்படி ஒன்பது டார்ட்டில் முதலில் முடித்தவர் சிங்கப்பூரில் பிறந்த பால் லிம், 1990-இல். இந்தியாவின் நிதின் குமார் 2019-இல் அதே அலெக்சாண்ட்ரா பேலஸில் உலகச் சாம்பியன்ஷிப் ஆடியிருக்கிறார்.

இனி கை

மாங்காய்க்குக் கல் எறிவது போல எறியாதீர்கள். அது தோளிலிருந்து வருவது. இது காகித ராக்கெட் விடுவது போல, முழங்கையிலிருந்து வருவது. கிரிக்கெட் பந்து வீசிப் பழகிய கைக்கு இந்த வித்தியாசம் புரிய ஒரு வாரமாவது ஆகும்.

வலக்கைக்காரர் வலது காலை முன்னால் வைத்து, கோட்டைத் தொட்டபடி நில்லுங்கள். உடல் எடையில் பெரும்பகுதி முன்காலில். பின்கால் சும்மா விழாமல் தாங்க. டார்ட்டை விரல் மேல் குறுக்காக வைத்தால் எங்கே சாயாமல் நிற்கிறதோ, அங்கே கட்டைவிரலும் மற்ற இரண்டு விரல்களுமாகப் பிடியுங்கள். உருளைக்கிழங்கு சிப்ஸைப் பிடிக்கிற அழுத்தம். நொறுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது. முழங்கையை உயர்த்தி, முனையைக் குறியின் பக்கம் லேசாக மேலே காட்டி, கன்னத்துக்குக் கொண்டுவந்து, விடுங்கள். விட்ட பிறகும் கை நிற்காமல் நீண்டு, விரல் குறியைச் சுட்டிக்காட்டியபடி முடிய வேண்டும். புதியவர்கள் தவறுவது இந்தக் கடைசி அடியில்தான். கையைப் பாதியில் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். டார்ட் கீழே போய்விடும்.

வேகம் வேண்டாம். டார்ட் நேர்க்கோட்டில் போவதில்லை, சற்று மேலேறி வளைந்து இறங்கும். பலமாக எறிந்து நேராக்கப் பார்ப்பதைவிட, மெதுவாக எறிந்து எப்போதும் ஒரே மாதிரி வளைய வைப்பது சுலபம். மூன்று டார்ட்டும் 20-ஐ விட்டு எங்கோ தள்ளி, ஆனால் ஒரே இடத்தில் குத்தினால் சந்தோஷப்படுங்கள். கூட்டத்தை அப்படியே நகர்த்துவது பிறகு வரும்.

இந்த இடத்தில் ஒரு கிறுக்குத்தனமான யோசனை. ஆரம்பத்தில் 20-ஐக் குறிவைக்காதீர்கள். உங்கள் கை குறியின் இரு பக்கக் கட்டங்களுக்கும் சமமாகச் சிதறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20-ஐக் குறிவைத்தால் 20, 5, 1; கூட்டினால் 26. இடப்பக்கம் 14-ஐக் குறிவைத்தால் 14, 9, 11, கூட்டினால் 34. மூன்று டார்ட்டுக்கு எட்டுப் புள்ளி லாபம், கை துளியும் தேறாமலே. 20-ஐயும் நேர் கீழே இருக்கும் 3-ஐயும் விட்டுவிட்டுப் பலகையை இரண்டாகப் பிரித்தால், இடப்பாதியின் எண்கள் சேர்ந்து 101, வலப்பாதி 86. உச்சி 20 என்பது கை படிந்தவர்களுக்கு. மூன்றில் இரண்டு 20-இலேயே குத்தத் தொடங்கியதும் அங்கே மாறிக்கொள்ளுங்கள்.

பழக

தனியாகப் பழகும்போது 20-ஐயே குத்திக்கொண்டிருந்தால் அலுத்துவிடும். முதல் மாதம் 1-இலிருந்து 20 வரை வரிசையாக ஒவ்வொரு எண்ணையும் குத்துங்கள், ஒன்றில் விழுந்தால்தான் அடுத்ததற்கு. வரிசை எண்கள் பலகையில் எங்கெங்கோ சிதறியிருப்பதால் கண்ணுக்குப் பலகையின் வரைபடம் தானாகப் படிந்துவிடும்.

அதற்குப் பிறகு 'பாப்'ஸ் 27'. 1988 உலகச் சாம்பியன் பாப் ஆண்டர்சன் பெயரில் வழங்கும் பயிற்சி. 27 புள்ளியோடு தொடங்குங்கள். டபுள் 1-க்கு மூன்று டார்ட். விழுகிற ஒவ்வொன்றுக்கும் 2 கூட்டுங்கள். ஒன்றுமே விழாவிட்டால் 2 கழியுங்கள். அடுத்து டபுள் 2-க்கு மூன்று, கூட்டினாலும் கழித்தாலும் 4. இப்படியே டபுள் 20 வரை, கடைசியில் புல். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் ஆட்டம் முடிந்தது. எதுவுமே விழாவிட்டால் டபுள் 5-இலேயே வீட்டுக்குப் போகலாம்: 2, 4, 6, 8, 10 சேர்ந்து 30. பெரும்பாலானவர்களுக்கு முதல் நாள் அப்படித்தான் முடியும். எனக்கும் அப்படித்தான் முடிந்தது.

கதிர் இப்போது வாரா வாரம் வாட்ஸ்அப்பில் கணக்கை அனுப்புகிறான். போன ஞாயிறு டபுள் 11 வரை போயிருக்கிறான். நான் இன்னும் டபுள் 9-இல்தான் நிற்கிறேன்.